குழுவில் ஒலிக்கும் குரல் வீட்டில் கேட்கிறதா?

(நமது சங்கத்தின் மகளிர் தினக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அன்று வர இயலாத குடியிருப்போருக்காக இங்கே தரப்படுகிறது.)



மகளிர் தினம் என்றால் கோலப் போட்டி, சமையல் போட்டி, ஒரு பட்டிமன்றம் என்று நடத்துவது நம் வழக்கம். இந்த முறை அரை மணி நேரம் ஏதாவது பேசுங்கள் என்று நிர்வாகிகள் கேட்டார்கள். மகளிர் சுய உதவிக் குழுவைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். "அது கிராமத்து விஷயமாச்சே, நம்ம அபார்ட்மென்டுக்கு என்ன சம்பந்தம்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த உரை.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். பணிக்காலத்தில் பல ஆண்டுகள் கிராமக் கிளைகளில் கழிந்தன. மகளிர் குழுக்களுக்குக் கணக்குத் தொடங்குவதும், கடன் கொடுப்பதும், கடன் கொடுத்த பிறகு கூட்டத்துக்குப் போய்ப் பார்ப்பதும் என் வேலை. அங்கே எனக்கு ஒரு கேள்வி பிடிபட்டது. ஒரு பெண்ணின் பெயரில் பணம் இருப்பதும், அந்தப் பணத்தைப் பற்றி அவளே முடிவெடுப்பதும் ஒன்றா? இந்தக் கேள்வி கிராமத்துக்கு மட்டும் உரியது அல்ல. நம் மூன்றாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் உரியதுதான்.

முதலில் குழு என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் இது அரசுத் திட்டமாகத் தொடங்கியது 1989ல், தருமபுரி மாவட்டத்தில். ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சிக்கான பன்னாட்டு நிதியம் அதற்கு உதவியது. பிறகு சேலம், தென்னார்க்காடு, மதுரை, இராமநாதபுரம் என்று பரவியது. 1997-98ல் 'மகளிர் திட்டம்' என்ற பெயரில் மாநில அரசே தன் நிதியில் விரிவுபடுத்தியது. இதற்கு முன்பே, 1980களின் நடுவில், கர்நாடகத்தில் மைராடா என்ற தொண்டு நிறுவனம் இப்படிப்பட்ட குழுக்களைக் கட்டியிருந்தது. 1992ல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துச் சோதனை செய்து பார்த்தது. இன்று நாடெங்கும் லட்சக்கணக்கில் இருக்கும் குழுக்களுக்கு அதுதான் வழி திறந்தது.

ஒரு குழுவில் 12 முதல் 20 பெண்கள் இருப்பார்கள். வாரம் ஒரு முறையோ மாதம் ஒரு முறையோ கூடுவார்கள். ஆளுக்குப் பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று சேமிப்பார்கள். அந்தப் பணத்திலிருந்து உறுப்பினர்களுக்கே கடன் கொடுப்பார்கள். யாருக்கு முதலில் கொடுப்பது, எவ்வளவு வட்டி, எத்தனை தவணை என்பதையெல்லாம் கூட்டத்தில் பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவார்கள். ஊக்குநர் ஒருவர், பிரதிநிதிகள் இருவர், வங்கியில் குழுவின் பெயரில் ஒரு கணக்கு. ஆறு மாதம் ஒழுங்காக நடந்தால் வங்கி கடன் கொடுக்கும். சொத்துப் பத்திரம் கேட்காது, ஜாமீன்தாரர் கேட்காது. ஒருவருக்கொருவர் கொடுக்கும் வாக்குதான் ஜாமீன். ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் ஒரு குழுவுக்கு இப்படிப் பிணையில்லாமல் கொடுக்கக்கூடிய கடனின் உச்சவரம்பை 2021ல் ரிசர்வ் வங்கி 10 லட்சத்திலிருந்து 20 லட்சமாக உயர்த்தியது.

இதுவரை சொன்னது நல்ல செய்தி. இனி கொஞ்சம் சங்கடமான செய்தி.

கடன் விண்ணப்பத்தில் 'கறவை மாடு' என்று எழுதியிருக்கும். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் மாடு இருக்காது, வாசலில் கணவரின் பைக் நிற்கும். இன்னொரு வீட்டில் 'தையல் எந்திரம்' என்று வாங்கிய கடன் நாத்தனார் கல்யாணத்துக்குப் போயிருக்கும். "நீங்களா முடிவு பண்ணீங்க?" என்று கேட்டால், "வீட்ல கேட்டாங்க, குடுத்துட்டேன் மேடம்" என்பதுதான் பதில். கையெழுத்து அவருடையது, தவணை கட்டும் பொறுப்பும் அவருடையது. செலவு செய்யும் முடிவு மட்டும் வேறொருவருடையது.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. வங்கதேசத்தில் கிராமீன் வங்கி போன்ற அமைப்புகள் பெண்களுக்குக் கடன் கொடுத்து உலகப் புகழ் பெற்றன. அங்கே ஆன் மேரி கோட்ஸ், ரீனா சென் குப்தா என்ற இரண்டு ஆய்வாளர்கள் பெண்கள் வாங்கிய கடன்கள் கடைசியில் யார் கையில் இருந்தன என்று தேடிப் பார்த்தார்கள். 1996ல் அவர்களுடைய கட்டுரை வெளியானது. கணிசமான கடன்களைக் கணவரோ வீட்டிலுள்ள வேறு ஆண்களோதான் கையாண்டார்கள் என்பது அவர்கள் கண்டது. அப்படியானால் எல்லாம் ஏமாற்றா? இல்லை என்றார் நைலா கபீர் என்ற இன்னோர் ஆய்வாளர். கடன் வாங்கிய பெண்களையே அவர் கேட்டார். பணத்தைக் கணவர் பயன்படுத்தினாலும், 'இது என் மூலமாக வந்த பணம்' என்பதால் வீட்டில் தங்கள் மதிப்பு கூடியது, முன்பு கேட்காதவர்கள் இப்போது கேட்கிறார்கள் என்று பலர் சொன்னதை அவர் எழுதினார். இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது என்பதே என் அனுபவமும்.

வீட்டுக்குள் முடிவு யாருடையது என்று எப்படி அளப்பது? நம் நாட்டில் தேசியக் குடும்ப நல ஆய்வு நடக்கிறது. அதில் திருமணமான பெண்களிடம் மூன்று கேள்விகள் கேட்பார்கள். உங்கள் உடல்நலத்துக்கான சிகிச்சையை யார் முடிவு செய்கிறார்கள்? வீட்டுக்குப் பெரிய பொருள் வாங்குவதை யார் முடிவு செய்கிறார்கள்? உங்கள் தாய்வீட்டுக்கோ உறவினர் வீட்டுக்கோ போவதை யார் முடிவு செய்கிறார்கள்? 2019-21 ஆய்வில், இந்த மூன்றில் ஏதாவது ஒன்றிலாவது தானாகவோ கணவரோடு சேர்ந்தோ முடிவெடுப்பதாகச் சொன்ன பெண்கள் 88.7 விழுக்காடு. தாங்களே பயன்படுத்தும் வங்கிக் கணக்கு உள்ள பெண்கள் 2015-16ல் 53 விழுக்காடாக இருந்து 78.6 விழுக்காடாக உயர்ந்தார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 'சேர்ந்து முடிவெடுக்கிறோம்' என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும். "புது கார் புக் பண்ணிட்டேன், கலர் நீ சொல்லு" என்பதும் சேர்ந்து எடுத்த முடிவாகத்தான் கணக்கில் வரும். அதே ஆய்வில் தனியாகவோ கூட்டாகவோ வீடு அல்லது நிலம் தன் பெயரில் உள்ள பெண்கள் 43.3 விழுக்காடுதான். பேச்சில் பங்கு இருக்கிற அளவுக்குப் பத்திரத்தில் பங்கு இல்லை.

இந்த இரண்டுக்கும் என்ன தொடர்பு என்பதை அமர்த்தியா சென் 1990ல் எழுதிய ஒரு கட்டுரையில் விளக்கினார். குடும்பத்தில் ஒத்துழைப்பும் உண்டு, உள்ளூர ஓர் இழுபறியும் உண்டு. பேச்சு முறிந்தால் யாருக்கு இழப்பு அதிகமோ, அவர் முன்கூட்டியே விட்டுக்கொடுத்துவிடுவார். 'சண்டை போட்டால் எனக்குப் போக்கிடம் எது?' என்ற எண்ணம் உள்ளவர், சண்டை வருமுன்பே "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிடுவார். வெளியிலிருந்து பார்த்தால் ஒற்றுமையான குடும்பமாகத் தெரியும். 'தன் நலம் வேறு, குடும்ப நலம் வேறு' என்று அந்தப் பெண்ணுக்கே தோன்றாமல் போகலாம் என்றும் சென் சொல்கிறார்.

சரி, வாரம் இருபது ரூபாய் சேமிக்கும் குழு இதை எப்படி மாற்றுகிறது? நான் பார்த்த வரையில் மூன்று வழிகளில்.

முதலாவது, குழுப் பணம் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்த பணத்தைக் கணவர் எடுத்துவிடுவார். மகன் கேட்டால் அம்மாவே கொடுத்துவிடுவார். குழுக் கணக்கில் உள்ள பணத்தை எடுக்கத் தீர்மானம் வேண்டும், கையெழுத்துகள் வேண்டும். "நான் தரமாட்டேன்" என்று நேருக்கு நேர் சொல்ல முடியாத பெண், "குழுவுல விடமாட்டாங்க" என்று சொல்லலாம். வீட்டில் சண்டையில்லாமல் மறுப்பதற்கு அவருக்கு ஒரு துணை கிடைக்கிறது.

இரண்டாவது, வெளியே போவது. கூட்டத்துக்கு, வங்கிக்கு, வட்டார அலுவலகத்துக்குப் போக ஒரு காரணம் கிடைக்கிறது. முதல் முறை கணவரோ மகனோ கூட வருவார்கள். நான்காவது முறை தனியாக வருவார். வங்கி மேலாளரின் அறையில் நின்றுகொண்டே பேசியவர், ஓராண்டில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசுவார். அப்படி உட்காரப் பழகியவர் தன் வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்துதான் பேசுவார்.

மூன்றாவதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். கணக்குப் புத்தகம் எல்லோர் முன்னிலையிலும் திறந்திருப்பது. ஒவ்வொரு கூட்டத்திலும் வரவு, செலவு, இருப்பு, பாக்கி எல்லாம் உரக்கப் படிக்கப்படும். "அந்த முந்நூறு எங்கே போச்சு?" என்று கேட்பது அங்கே மரியாதைக் குறைவு இல்லை, அது உறுப்பினரின் கடமை. வாராவாரம் இப்படிக் கேட்டுப் பழகிய வாய், ஒருநாள் வீட்டிலும் கேட்கும்: "சம்பளத்துல மீதி எங்கே?"

அந்தக் கேள்வி ஊரளவில் எழுந்தபோது என்ன நடந்தது என்பதற்கு ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டம் சாட்சி. 1992ல் அங்கே கூலித் தொழிலாளிப் பெண்கள் சாராயக் கடைகளை எதிர்த்துத் திரண்டார்கள். கணவரின் கூலி வீடு வந்து சேராததுதான் அவர்கள் கோபம். தனித்தனியாக வீட்டில் கேட்டால் அடி விழும் என்ற நிலையில், சேர்ந்து ஊர்ச் சாவடியில் கேட்டார்கள். 1993ல் அரசு சாராயத்தைத் தடை செய்தது. அதன் தொடர்ச்சியாக அதே மாவட்டத்தில் 'பொதுப்பு லட்சுமி' என்ற சேமிப்புக் குழுக்கள் வளர்ந்தன. பொதுப்பு என்றால் தெலுங்கில் சேமிப்பு.

குழு எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது என்று நான் சொல்ல வரவில்லை. கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தாலும் சமையல் அவர் பொறுப்பாகவே இருக்கிறது. இரட்டைச் சுமை. வங்கியோடு இணைந்த குழுக்களை ஒட்டியே தனியார் நுண்கடன் நிறுவனங்களும் வந்துவிட்டன. சேமிப்பும் கிடையாது, தீர்மானமும் கிடையாது, வாரத் தவணை மட்டும் உண்டு. ஒருவரே மூன்று நான்கு இடங்களில் வாங்கி, ஒன்றைக் கட்ட இன்னொன்று என்று சுழல்கிறார். கடன் அவர் பெயரில், செலவு வேறொருவர் கையில், வசூலுக்கு வருபவர் கத்துவது அவர் வாசலில். இந்த வசூல் கெடுபிடிகளைத் தடுக்கத்தான் 2025ல் தமிழ்நாடு சட்டமன்றம் தனியாக ஒரு சட்டம் நிறைவேற்றியது.

இப்போது நம் குடியிருப்புக்கு வருகிறேன்.

நம் வளாகத்தில் கூட்டிப் பெருக்கும் அக்காக்கள், வீடுகளில் வேலை செய்பவர்களில் பலர் ஏதாவது ஒரு குழுவில் இருக்கிறார்கள். "குழுக்குப் போவணும்மா, ஒரு மணி நேரம் முன்னாடி கிளம்பறேன்" என்று அவர்கள் கேட்டால் நம்மில் சிலர் முகம் சுளிக்கிறோம். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதை இதுவரை சொன்னேன். அவருடைய குரல் உருவாகும் நேரம் அது. அதேபோல், "சம்பளத்தை வீட்டுக்காரர் ஜிபே நம்பருக்கு அனுப்பிடுங்க" என்று அவர் சொன்னால், "உங்களுக்குக் கணக்கு இருக்கா அக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கட்டாயப்படுத்த வேண்டாம், அவர் வீட்டு நிலைமை அவருக்குத்தான் தெரியும். கேட்டால் போதும். 2023 செப்டம்பர் 15 முதல் அரசு ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாயை அவரவர் வங்கிக் கணக்கிலேயே போடத் தொடங்கியது. அதற்கு 'உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தார்கள். நாம் கொடுக்கும் சம்பளம் அதைவிடப் பெரிய உரிமை.

இனி நம் வீடுகளுக்குள். இதைச் சொல்லத்தான் நான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

வங்கிக் கவுன்டரில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த இரண்டு வகைப் பெண்கள் உண்டு. ஒருவர் ஐந்தாம் வகுப்புவரை படித்த குழு ஊக்குநர். பாஸ்புக்கைத் திறக்காமலே குழுவின் இருப்பு எவ்வளவு, யார் எத்தனை தவணை பாக்கி என்று சொல்வார். இன்னொருவர் பட்டம் பெற்றவர், நகரத்தில் நல்ல ஃபிளாட்டில் வாழ்பவர். கணவர் காலமாகிப் பதினைந்து நாள் ஆகியிருக்கும். ஒரு பை நிறையக் காகிதங்களோடு வருவார். எந்த வங்கியில் டெபாசிட் இருக்கிறது, நாமினி யார், வீட்டுக் கடன் எவ்வளவு மீதி, காப்பீடு உண்டா இல்லையா எதுவும் தெரியாது. "எல்லாம் அவர்தான் பார்த்துக்குவார்" என்று சொல்லிவிட்டு அழுவார். அந்த நேரத்தில் அவருக்கு ஆறுதல் சொல்வதா, படிவம் நீட்டுவதா என்று எங்களுக்கே கை ஓடாது.

அவர் கணவர் கெட்டவர் இல்லை. அன்பாகத்தான் பார்த்துக்கொண்டார். 'உனக்கு ஏன் இந்தத் தலைவலி' என்ற அன்புதான் அவரை அந்தக் கவுன்டரில் அப்படி நிறுத்தியது. நம்மில் சம்பாதிக்கும் பெண்களும் இதற்கு விலக்கல்ல. சம்பளம் அவர் கணக்கில் விழும், ஏ.டி.எம். கார்டும் ஓ.டி.பி. வரும் எண்ணும் வேறொருவரிடம் இருக்கும். இதில் ஆண்களுக்கும் இழப்பு உண்டு. முதலீடு தவறினால் மொத்தப் பழியையும் ஒருவரே சுமக்க வேண்டியிருக்கிறது.

குழுவிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது எளிமையான ஒன்றுதான். மாதம் ஒரு முறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரை மணி நேரம் வீட்டில் கணக்கைத் திறந்து வைத்து உட்காருங்கள். கணவன், மனைவி, பெரியவர்கள் இருந்தால் அவர்களும், விவரம் தெரிந்த வயதுப் பிள்ளைகள் இருந்தால் அவர்களும். வரவு எவ்வளவு, கடன் எவ்வளவு, எந்தெந்தக் கணக்கில் என்ன இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் நாமினி யார் என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். கணக்குகளைக் கூட்டுக் கணக்காக்கி, 'எய்தர் ஆர் சர்வைவர்' என்ற முறையில் வையுங்கள். அப்படி வைத்தால் இருவரில் யாரும் இயக்கலாம், ஒருவர் இல்லாவிட்டால் மற்றவர் தொடரலாம். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உள்ளவர்தான், வாரிசுகளின் பங்கு அதனால் மறைந்துவிடாது. எனவே உயில் எழுதுவதைப் பற்றியும் அந்த அரை மணி நேரத்தில் பேசுங்கள்.

அந்த ஆய்வின் மூன்று கேள்விகளையும் வீட்டில் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். மருத்துவச் செக்கப்புக்குப் போக அம்மா யாரைக் கேட்கிறார்? பெரிய செலவில் "வேண்டாம்" என்று அவர் சொன்னால் அது நிற்கிறதா? தாய்வீட்டுக்குப் போக "போயிட்டு வரேன்" என்கிறாரா, "போயிட்டு வரட்டுமா?" என்கிறாரா? அந்த 'டுமா'வில்தான் எல்லாம் இருக்கிறது.

சங்கத்துக்கும் மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, நம் உறுப்பினர் பட்டியலில் ஒரு வீட்டுக்கு ஒரு பெயரும் ஒரு எண்ணும்தான் இருக்கின்றன, பெரும்பாலும் ஆணின் பெயர். கூட்டு உரிமையாளர்கள் இருவரின் பெயரையும் சேர்த்து, பராமரிப்புக் கட்டணக் கணக்கை இருவருக்கும் அனுப்ப வேண்டும். இரண்டு, பொதுக்குழுவை ஞாயிறு காலை பத்து மணிக்கு வைக்கிறோம். அது பல வீடுகளில் அடுப்பு எரியும் நேரம். மாலை ஐந்து மணிக்கு மாற்றிப் பாருங்கள், யார் யார் வருகிறார்கள் என்று தெரியும். மூன்று, நம் வளாகத்தில் வேலை செய்யும் பெண்கள் தங்கள் குழுக் கூட்டத்தை நடத்த இடம் கேட்டால், மாதம் ஒருநாள் மதியம் கிளப் ஹவுஸைத் திறந்துவிடுங்கள். அந்த நேரத்தில் அது பூட்டித்தான் கிடக்கிறது.

பாஸ்புக், நாமினி, கூட்டுக் கணக்கு பற்றிச் சந்தேகம் இருப்பவர்கள் அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கிளப் ஹவுஸுக்கு வாருங்கள், நான் இருப்பேன். வீட்டு வேலைக்கு வரும் அக்காவையும் அழைத்து வாருங்கள். தம்பதியாக வருபவர்கள் இருவரும் சேர்ந்தே உட்காருங்கள்.